கவை விழும் நேரம்

"திருகைத் தளர்த்திக் கயிற்றை விட்டுவிடுங்கள். என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள்" என்றார் பெரியவர். வைஸில் நிறுத்தியிருந்த என் வில்லில், அம்பைத் தாங்கும் புது ரெஸ்டின் ஓரத்துத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன். எனக்குக் காட்டுவதற்காகவே அவர் கட்டியிருந்த கயிறு நழுவித் தொங்கியது. அதுவரை படுத்துக் கிடந்த ரெஸ்டின் கவை 'டக்'கென்று எழுந்து நின்றது. "யாரும் இழுக்காவிட்டால் இது நிற்கும். இழுத்துப் பிடித்தால்தான் படுக்கும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் அளவுதான்" என்றார்.

மேடிசனிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காரோட்டிப் பெரியவரின் இந்த வில் கடைக்கு வந்திருந்தேன். விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஸ்பார்ட்டாவுக்குக் கொஞ்ச தூரத்தில், சோளக்காட்டு ஓரத்து ஒற்றைக் கட்டடம். முன்பாதி கடை, பின்பாதி இருபது கஜ நீளத்துக்கு அம்பு எய்யும் கூடம். ஸ்பார்ட்டா சின்ன ஊர். ஆனால் காம்பவுண்ட் வில் பிடிக்கும் எவருக்கும் தெரிந்த பெயர், மேத்யூஸ் வில்கள் அங்கேதான் தயாராகின்றன. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொட்டகையைத் திறந்தாலும் ஒரு வில் தொங்கும் என்று சொன்னாலும் நம்புவேன். செப்டம்பர் நடுவில் மான் வேட்டைக்கான வில் பருவம் தொடங்குகிறது. நான் போனது ஆகஸ்ட் கடைசி வாரம், கடையில் நிற்க இடமில்லை.

வில்லுக்கென்றே தனி மான் பருவம் இந்த மாநிலத்தில் 1934ல் வந்தது. காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் அந்தக் காலத்தில் இங்கேதான் இருந்தார். தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்டவர் அவர். அவர் மனைவி எஸ்டெல்லா பெண்களுக்கான மாநில வில் போட்டியில் பட்டம் வென்றவர். அவர்கள் வில்லில் ரெஸ்ட் என்று தனியாக ஒரு கருவி கிடையாது. அம்பு வில்லைப் பிடித்த கையின் மேலேயோ, கைப்பிடிக்கு மேல் வெட்டிய சின்னத் திட்டிலோ உட்காரும், அங்கிருந்தே கிளம்பும். உரசத்தான் செய்யும். பறவை இறகு மெத்தென்று மடங்கிக் கொடுக்கும் என்பதால் அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

காம்பவுண்ட் வில் வேறு சாதி. மிசௌரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் 1966ல் விண்ணப்பித்து 1969ல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. இரு முனைகளிலும் உருளும் கேம்கள், அவற்றைப் பிணைக்கும் கேபிள்கள், நடுவே கெட்டியான உலோக ரைசர், மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் லிம்ப் என்ற பட்டைகள். 2023ல் பெர்லின் உலகப் போட்டியில் சாத்தாராவின் அதிதி கோபிசந்த் ஸ்வாமி 17 வயதில் தங்கம் வென்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சக்கரம் வைத்த வில் நினைவிருக்கும். இதில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறி, கடைசியில் கேம் உருண்டு, பாரம் சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்காமல் குறிபார்க்கலாம். ஆனால் விட்ட நொடியில் அம்பு பாயும் வேகம் பழைய வில்லைவிட மிக அதிகம், அதில் ஒட்டியிருப்பதோ விறைப்பான பிளாஸ்டிக் இறகு. வழியில் எது தட்டினாலும் அம்பின் வால் உதறிக்கொள்ளும்.

அதனால்தான் ரெஸ்ட் விழ வேண்டும். எய்யும்போது அம்பைத் தாங்கவும் வேண்டும், இறகு வந்து சேர்வதற்குள் ஒதுங்கிவிடவும் வேண்டும். தாங்குவது ஒரு கவை. உண்டிவில்லுக்குக் கவட்டைக் கம்பு வெட்டுவோமே, அதையே சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கிய வடிவம்.

என்னிடம் முன்பு இருந்த ரெஸ்ட் கேபிளில் கட்டும் வகை. அதில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கவையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். வில்லை இழுக்கும்போது கேபிள் இறங்கி, கயிற்றை இழுத்து, கவையைத் தூக்கும். பெரும்பாலும் இழுவையின் கடைசிப் பகுதியில்தான் முழுக்க எழும். விட்டவுடன் விழுந்தும் விடும். அந்த ரெஸ்டை எனக்குப் பொருத்திக் கொடுத்த கடையில் (வேறு ஊர், வேறு கடை) கயிற்றைக் கேபிளோடு நூல் சுற்றிக் கட்டவில்லை, ஒரு சின்னக் கிளிப்பால் கவ்விவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் கிளிப் கேபிளில் வழுக்கி இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். ஒருநாள் கிளப்பில் நான் முழுதாக இழுத்தபோது கவை பாதியில் நின்றுவிட்டது, எனக்குத் தெரியவில்லை. விட்டேன். அம்பு ரைசரின் திட்டில் அடித்து, வலப்பக்கம் திரும்பி, அடுத்த இலக்குக்கு முன்னால் தரையில் குத்தி நின்றது. அந்தத் திசையில் ஆள் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்பின் கார்பன் குழாய் உடைந்து கைக்குள் ஏறியவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வில்லில் எந்த ரெஸ்ட் வைப்பது என்று யோசிப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்தேன்: இனி எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியாமல் வில்லைத் தொடுவதில்லை.

லிம்பில் கட்டும் வகையில் எல்லாமே தலைகீழ். ஸ்பிரிங் கவையை மேலே தள்ளுகிறது. கயிறு லிம்பிலிருந்து வந்து அதைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது. நாணை இழுத்தால் லிம்ப் உள்நோக்கி வளையும், லிம்புக்கும் ரெஸ்டுக்கும் இடையில் தூரம் குறையும், கயிறு தொய்யும், கவை தானாக எழும். நாணை விட்டால் லிம்ப் திரும்பி நிமிர்ந்து கயிற்றை விறைக்க, கவை படுத்துவிடும். மினசோட்டாவின் வேப்பர் டிரெயில் நிறுவனம் இந்த வகைக்கு 'லிம்ப் டிரைவர்' என்றே பெயர் வைத்து விற்றது, இன்று அது பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. இதில் கயிறு அறுந்தால் கவை நின்றபடியே இருக்கும். இறகு உரசும், அம்பு கொஞ்சம் தவறும், ஆனால் தாங்க ஆள் இல்லாமல் அம்பு ரைசரில் மோதாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கேபிள் வகை அம்பைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறது. லிம்ப் வகை பாய்ச்சலின் பெரும்பகுதிக்கு அம்பைத் தாங்கிக்கொண்டே போகிறது. நல்லதுதானே என்று தோன்றும். நீண்ட நேரம் தாங்கினால் பிடித்த கையின் திருகலும் அம்பில் ஏறும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியவரைக் கேட்டேன். "கையைத் திருகாமல் பிடிக்கப் பழகுங்கள்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காட்டுவதற்காக மாட்டியிருந்த ரெஸ்டைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். நாணுக்கு இணையாக ரசமட்டம் வைத்து வில்லைச் செங்குத்தாக நிறுத்தினார். ரைசரில் பெர்கர் துளை என்று ஒரு மரைத்துளை இருக்கும். எந்தக் கம்பெனி வில்லானாலும் அதே 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ரெஸ்ட் அதில்தான் ஏறும். ஏற்றி, முழுதாக முறுக்காமல், விரல் அழுத்தத்துக்கு மட்டும் இறுக்கிவைத்தார். நான் ஆலன் சாவியை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். "இன்னும் நாலு தடவை அசைக்கப் போகிறோம். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு முறுக்குங்கள்."

கயிறு கட்டாததால் கவை எழுந்தே நிற்கிறது. இதன் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ரெஸ்டில், கவை எழுந்த நிலையில் அம்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒருவர் வில்லை இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லை விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும். இங்கே அம்பை வைத்தால் போதும், எய்யும்போது நிற்கும் அதே உயரத்தில் நிற்கிறது. நாணில் ஒரு ரசமட்டம், அம்பின் மேல் ஒன்று. அம்பு நாணுக்குச் செங்கோணத்தில் வர வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் பெர்கர் துளையின் நடுவே ஓட வேண்டும். உயரத் திருகை அவர் திருப்ப, நான் குமிழியைப் பார்த்துச் சொன்னேன்.

அடுத்தது பக்கவாட்டு அளவு. ரைசரின் உள்முகத்திலிருந்து அம்பின் நடு வரை 13/16 அங்குலம். என் வில்லுக்கு அங்கிருந்து தொடங்குவது வழக்கம். அவர் ஸ்கேலை வைத்து அந்தப் பின்னத்தைச் சொன்னதும் எனக்கு எங்கள் ஊர் மர ஆசாரி வாயில் 'ஆறரை நூல்' என்று கேட்டது. அங்குலத்துக்கு எட்டு நூல். கதவு நிலைக்கு ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சீவிவிட்டு மறுபடி அளப்பார் அவர். இந்த வேலைக்கும் பொருத்தமான அளவு நூல்தான், மில்லிமீட்டர் அல்ல என்று அன்று முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ரெஸ்டின் கோடு போட்ட அளவுக்கட்டையில் ஆறரை நூலில் நிறுத்தினோம்.

இதுவரை ஆனது அரை மணி நேரம். மீதி மூன்று மணி நேரத்தையும் கயிறு வாங்கிக்கொண்டது.

கயிறு என்றால் ஷூ நாடாவைவிட மெல்லியது, இழுத்தால் நீளாத நெசவு. ஒரு முனை ரெஸ்டின் நெம்புகோலில், மறுமுனை லிம்பில் கவ்வும் கிளிப்பில். கேபிளைத் தொடவே தேவையில்லை. கேபிளுக்கு நடுவே கயிற்றை நுழைக்க வேண்டுமானால் பிரஸ்ஸில் வைத்து வில்லை அமுக்கித் தளர்த்த வேண்டும், வீட்டில் அந்தக் கருவி எவரிடம் இருக்கிறது? கிளிப்பை நானே மாட்டினேன். எங்கே மாட்டுவது என்று கேட்டதற்கு, "உங்களுக்குச் சரி என்று பட்ட இடத்தில்" என்றார். நான் லிம்பின் முனைக்குப் பக்கமாக மாட்டினேன். லிம்ப் அங்கேதான் அதிகம் அசைகிறது, கயிற்றை அங்கே கட்டினால் வேலை நிச்சயமாக நடக்கும் என்பது என் கணக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கயிற்றின் நீளத்துக்கு மட்டும் குறுக்கிட்டார். நாண் இழுக்காமல் இருக்கும்போது கவை தன் அடியிலிருக்கும் ரப்பரில் முழுசாகப் படுத்திருக்க வேண்டும், அதற்கு மேல் இம்மி விறைப்பு. "நரம்பு மாதிரி முறுக்கினால் நெம்புகோல் தேயும், கவை ரப்பரில் மோதித் துள்ளும். துணி காயப்போடும் கொடி மாதிரி விட்டால் கவை முழுசாகப் படுக்காது." விரலால் சுண்டிப் பார்த்து, ஒரு நூல் அளவுக்கு இழுத்து, திருகை இறுக்கினோம். முனையை லைட்டரில் உருக்கிக் குண்டாக்கினார். நழுவினாலும் அந்தக் குண்டு திருகுக்குள் நுழையாது.

பிறகு வில்லைப் பலகையில் கிடத்தினார். படகை வண்டியில் ஏற்றும் கைவின்ச்சும் ஒரு கொக்கியும் பொருத்திய நீளப் பலகை. கொக்கியை நாணில் கட்டியிருக்கும் டி-லூப் வளையத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் நாண் மெல்ல மெல்ல இழுபடும், எந்த இடத்திலும் நிறுத்திப் பார்க்கலாம். அம்பு இல்லாமல் நாணை விட்டால் லிம்ப் பிளந்துவிடும் என்பதால், இழுத்தது போலவே சுற்றிச் சுற்றித்தான் இறக்க வேண்டும். என் வில்லில் நாண் நின்ற இடத்திலிருந்து முழு இழுவை 19 அங்குலம் சொச்சம். நான் சுற்றினேன், அவர் பலகையில் பென்சிலோடு குனிந்திருந்தார்.

கவையின் அசைவை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. முதல் ஓர் அங்குலத்தில் கயிற்றின் விறைப்பு மட்டும் விட்டது. இரண்டாவதில் கவை ரப்பரை விட்டு நகர்ந்தது. நாலாவதில் அம்பின் கீழே போய், அதைத் தூக்கிக்கொண்டு, மேலே முட்டி நின்றுவிட்டது. அதற்கப்புறம் 15 அங்குலத்துக்குக் கவைக்கு வேலையே இல்லை. கயிறு தொய்ந்து வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் நாலு அங்குலத்தில் ஒரு கோடு போட்டார். "இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். இழுக்கும்போது முதல் நாலு அங்குலத்தில் எழுகிறது என்றால், விட்ட பிறகு கடைசி நாலு அங்குலத்தில்தான் விழத் தொடங்கும். அம்பு முழு வேகத்தை எட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. கடையின் வேகமானியில் என் அம்பு நொடிக்கு 260 அடி என்று காட்டியிருந்தது. நாண் பழைய இடத்துக்கு வந்து நிற்கும்போது, இறகின் முன்முனைக்கும் ரெஸ்டுக்கும் இடையில் மிச்சமிருப்பது ஏறக்குறைய 3 அங்குலம். அந்த வேகத்தில் 3 அங்குலத்தைக் கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதற்குள் கவை படுத்து முடித்திருக்க வேண்டும்.

"எய்து பாருங்கள்" என்றார். கூடத்தில் ஒரு மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் நீட்டிக் கட்டியிருந்தது, அதற்குப் பின்னால் இலக்கு. ஆறடி தள்ளி நின்று காகிதத்தின் ஊடாக எய்தேன். நேராகப் போகும் அம்பு ஒரு வட்டத் துளையும் சுற்றிலும் மூன்று இறகுக் கீறல்களும் போட்டுவிட்டுப் போகும். என் காகிதத்தில் துளைக்கு மேலே அரை அங்குலத்துக்குக் கிழிசல். வால் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. மறுபடி எய்தேன், அதே கிழிசல்.

ரெஸ்டைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். எல்லா அட்டவணையிலும் அப்படித்தான் இருக்கிறது. சாவியை எடுத்தேன். அவர் அலமாரியிலிருந்து பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை எடுத்துவந்து, அம்பின் வால் முழுக்க அடித்தார், கவையிலும் அடித்தார். பனி பூத்தது போல் வெள்ளைப் படலம். அதை அப்படியே வைத்து எய்தேன். இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கிவந்து விளக்கடியில் பிடித்தோம். கீழ்ப்பக்கத்து இறகின் முன்முனையில் படலம் வழிக்கப்பட்டு, நகக்கீறல் போல ஒரு கறுப்புக் கோடு. கவையின் வலது கொம்பிலும் அதே அளவுக்குப் படலம் போயிருந்தது.

உயரத்தில் தவறே இல்லை. கவை விழத் தாமதம். நான் ரெஸ்டை உயர்த்தியிருந்தால் காகிதம் ஒருவேளை சரியாகியிருக்கும், இறகு தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும். குளிரில், ஈரத்தில், கொஞ்சம் தேய்ந்த கயிற்றில், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தட்டியிருக்கும். "உங்களுக்குக் காகிதம் கிழிந்தால் போயிற்று. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் மான் மேல் எய்யப் போகிறவர்கள். அரை அங்குலம் உதறிய அம்பு அங்கே போய்ச் சேரும்போது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்" என்றார். குரல் உயரவில்லை. நான் வேட்டைக்குப் போகிறவன் அல்ல, ஆனாலும் அவர் சொன்னது என்னைச் சுட்டது.

தவறு கிளிப்பில் இருந்தது. முனைக்குப் பக்கத்தில் லிம்ப் அதிகம் அசைகிறது என்று நான் போட்ட கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு. கவை எழவும் விழவும் கயிறு நகர வேண்டிய தூரம் எப்போதும் ஒன்றுதான். அதிகம் அசையும் இடத்தில் கட்டினால் அந்தத் தூரம் கடைசிச் சில அங்குலத்திலேயே முடிந்துவிடும், கவை தாமதமாக விழும். ரைசரை நோக்கி உள்ளே நகர்த்தினால் லிம்பின் அசைவு குறைவு, அதே தூரத்துக்கு அதிக இழுவை தேவைப்படும், கவை சீக்கிரமே விழத் தொடங்கும். ரொம்ப உள்ளே போனால் கவை முழுசாக எழாமலே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேண்டிய இடம், ஒவ்வொரு வில்லுக்கும் அது வேறு.

கிளிப்பை நாலு நூல் உள்ளே தள்ளினேன். கிளிப் நகர்ந்தால் கயிற்றின் நீளம் மாறும், மறுபடி விறைப்புப் பார்த்து, மறுபடி பலகை. இந்த முறை ஆறாவது அங்குலத்தில் எழுந்தது. இன்னும் நாலு நூல். எட்டாவது அங்குலம். பெரியவர் தலையசைத்தார். பவுடர் அடித்து மூன்று அம்பு எய்தேன், மூன்றிலும் படலம் அப்படியே இருந்தது. காகிதத்தில் கிழிசல் கால் அங்குலமாகச் சுருங்கியிருந்தது. இப்போதுதான் ரெஸ்டின் உயரத்தைத் தொட விட்டார். ஒரு முடி அளவு உயர்த்தி எய்தேன், காகிதத்தில் வட்டமான ஓட்டையும் மூன்று கீறலும் மட்டும். அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

எல்லாத் திருகையும் இப்போது முறுக்கினோம். லிம்ப் போல்ட்டைத் திருப்பி வில்லின் பாரத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ லிம்ப் நிற்கும் இடம் மாறும், கயிற்றை மறுபடி பார்த்தாக வேண்டும் என்று எச்சரித்தார். பிறகு வெள்ளி மசி பேனாவை என் கையில் கொடுத்தார். கயிறு திருகுக்குள் நுழையும் இடத்தில், கயிறும் உலோகமும் சேர ஒரு கோடு. லிம்பில் கிளிப்பின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கோடு. எது நழுவினாலும் கோடு விட்டுப்போகும்.

கடை மூடும் நேரம் வரை இருபது கஜத்தில் எய்தேன். அறுபது அம்பு. ஒவ்வொரு பத்துக்கும் வில்லை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்க் கோட்டைப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்தபோதும், கயிற்றில் இருந்த கோடும் உலோகத்தில் இருந்த கோடும் ஒரே கோடாகத்தான் இருந்தன.